புதுப்பிப்பு: ரெண்டு கிலோமீட்டர்ல நின்னுபோற வண்டி, காரணம் கெடச்சாச்சு

போன வாரம் புலம்பினேனே, என் பழைய 100 சிசி வண்டி ஒரே கிக்ல ஸ்டார்ட் ஆகும் ஆனா ரெண்டு கிலோமீட்டர்ல இழுத்து இழுத்து நின்னுரும், பத்து நிமிஷம் விட்டா திரும்ப ஓடும்னு, அது சரியாயிடுச்சுங்க. ப்ளக் மாத்தி, கார்பரேட்டர்ல (பெட்ரோலையும் காத்தையும் கலக்குற பாகம்) இருக்குற பைலட் ஜெட்ங்கிற சின்ன பெட்ரோல் துளை வரைக்கும் கழட்டி ஊதி 650 ரூபா தண்டம். நேத்து நின்னப்ப பெட்ரோல் இருக்கான்னு டேங்க் மூடியத் தொறந்தேன், புஸ்ஸுனு காத்த உள்ள இழுத்துச்சு, அடுத்த கிக்ல உறுமுது! மூடில இருக்குற காத்து ஓட்டைய சேறு அடைச்சிருக்கு, காத்து உள்ள போகலன்னா பெட்ரோல் கீழ இறங்காது, கார்பரேட்டர்ல தேங்கினது தீர்ற வரைக்கும்தான் ஓட்டம். குண்டூசியால குத்தி மண்ணெண்ணெய்ல கழுவி மாட்டிட்டேன். இன்னிக்கு 40 கிலோமீட்டர், ஒரு எடத்துலயும் நிக்கல. ப்ளக்குக்கு கரண்ட் குடுக்குற காயில மாத்தச் சொன்ன மெக்கானிக்கிட்ட இன்னும் சொல்லல.