புதுப்பிப்பு: காலை ஜெபத்தின் சமாதானம் மதியம் வரை நிற்பதில்லை என்று கேட்டிருந்தேனே

இரண்டு மாதம் முன்பு இந்த இழையைத் தொடங்கினேன். ஜெபித்து எழும்போது இருக்கும் அமைதி, வேலையில் முதல் கோபமான மின்னஞ்சலைப் பார்த்ததும் காணாமல் போகிறது, என்ன செய்வது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பைபிளில் பிலிப்பி சபைக்கு அப்போஸ்தலன் பவுல் எழுதிய கடிதமான பிலிப்பியரின் 4-ஆம் அதிகாரத்தை மெதுவாகப் படியுங்கள் என்று ஒருவர் சொன்னதுதான் அதிகம் உதவியது. உண்மையைச் சொன்னால், ஒன்றுக்கும் கவலைப்படாதீர்கள் என்ற அந்த வசனம் எனக்கு எரிச்சல்தான் தரும். சொன்னால் கவலை நின்றுவிடுமா? இந்த முறை வேறு ஒன்று கண்ணில் பட்டது. பவுல் அதை எழுதியது கட்டுகளோடு காவலில் இருந்தபோது. 7-ஆம் வசனத்தில் தேவசமாதானம் இருதயத்தைக் 'காத்துக்கொள்ளும்' என்கிறாரே, அதற்கான கிரேக்கச் சொல் படைவீரர் காவல் நிற்பதைக் குறிப்பது. வாசலில் காவல் போட்டிருந்தால் வெளியே தொல்லையும் இருக்கிறது என்றுதானே அர்த்தம்! தொல்லை வந்தாலே சமாதானம் போய்விட்டது என்று நான் போட்ட கணக்குதான் தப்பு.

இப்போது பதற்றம் வந்த இடத்திலேயே அந்த விஷயத்தைப் பேர் சொல்லி ஒரு வரி ஜெபம், கூடவே ஒரு நன்றி. 6-ஆம் வசனம் ஸ்தோத்திரத்தையும், அதாவது நன்றி சொல்வதையும், சேர்த்தே சொல்கிறது. முன்பெல்லாம் அதை நான் விட்டுவிடுவேன். அப்புறம் படுக்கும்போது, சமாதானத்தோடே படுத்து உறங்குவேன் என்கிற சங்கீதம் 4:8. புனித இக்னேஷியஸ் கற்றுத்தந்த முறையில், அன்றைய நாளை ஜெபத்தோடு திரும்பிப் பார்க்கும் பயிற்சியும் முயன்றேன். எனக்கு அது குற்றப் பட்டியலாகிவிட்டது, சரி என்று நிறுத்திவிட்டேன்.

கோபம் இன்னும் வருகிறது. போன வாரம்கூட வீட்டில் கத்திவிட்டேன். முன்பென்றால் இரண்டு நாள் பேசாமல் இருப்பேன். இந்த முறை அன்று மாலையே மன்னிப்புக் கேட்டேன்.