கேம்பரை மாட்டியதும் பிக்கப்பின் பின்பக்கம் உட்காருகிறதா? அவரவர் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஏஜாக்ஸ், ஒன்டாரியோ

ஃபோர்டு எஃப்-150 பிக்கப் டிரக் வைத்து 24 அடி டிராவல் டிரெய்லர் (பின்னால் மாட்டி இழுக்கும் கேம்பர்) இழுக்கிறோம். சாமானெல்லாம் ஏற்றினால் டிரெய்லர் 2,700 கிலோ வரும். அதை டிரக்கின் பின்னால் உள்ள ஹிட்ச் பால் (டிரெய்லரை மாட்டும் இரும்பு உருண்டை) மேல் இறக்கி, டிரெய்லரின் முன்பக்கத்தைத் தாங்கும் ஜாக்கைச் சுருக்கியதும் டிரக்கின் பின்பக்கம் உட்காரும், மூக்கு நிமிரும். அந்த நிலையில் 400ஆம் நெடுஞ்சாலையில் ஏறினால் ஸ்டியரிங் லேசாகிவிட்டது கைக்கே தெரியும். பெரிய லாரி கடந்து போனால் வண்டி ஆடும். இருட்டிய பிறகு எதிரே வருகிறவர்கள் ஹை பீம் அடித்துக் காட்டுவார்கள். நம் ஹெட்லைட் நேராக அவர்கள் கண்ணில் அடிப்பதுதான் காரணம்.

இதற்குக் கடையில் முதலில் சொல்வது ஏர் பேக், அதாவது பின் ஸ்பிரிங்கோடு சேர்த்து மாட்டும் காற்றுப் பை. போட்டால் பின்பக்கம் எழும்பும், சந்தேகமில்லை. ஆனால் முன் சக்கரத்தை விட்டுப் போன எடை திரும்பி வராது. கணக்கைப் பாருங்கள். டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் பால் மேல் வர வேண்டும். எங்களுக்கு அது 340 கிலோ. பால் இருப்பது பின் ஆக்ஸிலுக்கு ஏறக்குறைய 1.6 மீட்டர் பின்னால், டிரக்கின் வீல்பேஸ் 3.7 மீட்டர். கடப்பாரை போட்டு நெம்புவது மாதிரி முன் ஆக்ஸிலில் 150 கிலோ குறைகிறது, பின் ஆக்ஸிலில் 490 கிலோ கூடுகிறது. வண்டியைத் திருப்புவது முன் சக்கரம், பிரேக்கில் பெரும்பங்கும் அதனுடையதுதான். பின்பக்கம் பார்வைக்கு நேராக இருப்பதால் அந்த 150 கிலோ வந்துவிடாது.

அதைத் திருப்பிக் கொண்டுவருவது வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச். அதன் இரண்டு ஸ்பிரிங் பார்களும் (சங்கிலியால் டிரெய்லர் சட்டத்தில் மாட்டும் இரும்புத் தண்டுகள்) வளைந்து நின்று எடையில் ஒரு பங்கை முன் ஆக்ஸிலுக்கும் இன்னொரு பங்கை டிரெய்லர் ஆக்ஸிலுக்கும் தள்ளும். சரி, மாட்டினால் மட்டும் போதுமா? அளக்க வேண்டும். சமதரையில் நிறுத்தி, முன் சக்கரத்துக்கு மேலே உள்ள வளைவின் உச்சியிலிருந்து தரை வரை டேப் பிடியுங்கள். எங்கள் டிரக்கில் டிரெய்லர் இல்லாமல் 96 செ.மீ. பார் இல்லாமல் டிரெய்லரை மாட்டினால் 99. பார் போட்ட பிறகு 97.5. ஏறியதில் பாதி இறங்கினால் போதும் என்பதுதான் எங்கள் டிரக்கின் கணக்கு. உங்கள் டிரக்கின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதையே பிடியுங்கள். 96க்கும் கீழே போனால் பார் அதிகமாக இறுகியிருக்கிறது, பின் சக்கரத்தின் பிடி குறையும்.

பாரை மாட்டக் கம்பி வைத்து முக்க வேண்டாம். பாலைக் கவ்வும் டிரெய்லர் முனையான கப்ளரைப் பூட்டிய பிறகு டிரெய்லர் ஜாக்காலேயே டிரக்கின் பின்பக்கத்தையும் சேர்த்துத் தூக்குங்கள். சங்கிலி தொளதொளவென்று ஆகிவிடும், கையாலேயே கண்ணியை மாற்றிவிடலாம்.

ஹூஸ்டன், டெக்சாஸ்

அண்ணா சொன்ன கணக்கோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும்: பேலோட், அதாவது டிரக் தன் மேல் சுமக்கக்கூடிய எடை. என்னுடையது ராம் 1500. 2009இலிருந்து அதற்குப் பின்னால் காயில் ஸ்பிரிங்தான். சும்மா ஓட்டும்போது சொகுசு, டிரெய்லர் மாட்டினால் சீக்கிரம் இறங்கும். டிரக்கை விற்றவர் எவ்வளவு இழுக்கும் என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், ஆட்களும் சாமானும் சேர்ந்து எவ்வளவு ஏற்றலாம் என்று. 600 கிலோ என்று வையுங்கள். பால் மேல் 340, நான்கு பேர் 280. அவ்வளவுதான், தாண்டியாயிற்று! ஜெனரேட்டரும் சைக்கிள்களும் இன்னும் ஏறவே இல்லை. எந்த ஸ்பிரிங்கை மாட்டினாலும் அந்த ஸ்டிக்கரில் உள்ள எண் மாறாது.

விளம்பரத் தாளில் போட்டிருக்கும் டங் வெயிட்டை (பால் மேல் வரும் எடை) நம்பாதீர்கள். பெரும்பாலும் அது காலி டிரெய்லருக்கு. கேஸ் சிலிண்டர், பேட்டரி எல்லாம் முன்னால்தான் உட்காரும். முழுச் சுமையோடு டிரக் ஸ்டாப்பில் உள்ள கேட் ஸ்கேலில் (CAT Scale, வண்டி எடை போடும் மேடை) ஒரு தடவை ஏறுங்கள். முன் ஆக்ஸில், பின் ஆக்ஸில், டிரெய்லர் மூன்றும் தனித்தனியாக வரும். பார் போட்டு ஒரு சீட்டு, கழற்றி ஒரு சீட்டு எடுத்தால் ஹிட்ச் என்ன வேலை செய்கிறது என்று பளிச்சென்று தெரியும்.

பெர்த், ஆஸ்திரேலியா

ஏர் பேக் பற்றி நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். கிப் ரிவர் ரோடு பக்கம் ஒரு டூயல் கேப் யூட் (இரண்டு வரிசை இருக்கை உள்ள பிக்கப்) நின்றது. பின்னால் கனமான கேரவன், ட்ரே நிறைய சாமான். கேபினுக்கும் ட்ரேக்கும் நடுவே உள்ள சந்து கீழே ஒரு விரல் அகலம், மேலே கையே நுழையும். சேஸி வளைந்திருந்தது. லீஃப் ஸ்பிரிங் சேஸியை இரண்டு முனையில் தாங்கும். ஏர் பேக்கோ இரண்டுக்கும் நடுவே ஒரே இடத்தில் முட்டுக் கொடுக்கிறது. அதற்குப் பின்னால் தொங்கும் எடையெல்லாம் வரிவரியான மண் சாலையில் குதிக்கக் குதிக்க, இரும்பு அந்த இடத்தில் மடங்குகிறது. இந்த ஊர்ப் பட்டறைக்காரர்களுக்கு இது பழகிப்போன சமாச்சாரம்.

எப்போதும் சுமையோடு ஓடுகிற வண்டி என்றால் அந்த எடைக்கேற்ற லீஃப் ஸ்பிரிங் செட் போடுங்கள், தேவைப்பட்டால் முறைப்படி ஜிவிஎம் (வண்டியின் மொத்த எடை வரம்பு) அப்கிரேட் வாங்குங்கள். ஸ்பேர் டயர், தண்ணீர் கேன், டூல் பாக்ஸ் எதுவானாலும் ட்ரேயின் வால் பக்கம் வைக்காதீர்கள், கேபினை ஒட்டி வையுங்கள்.

ஏஜாக்ஸ், ஒன்டாரியோ

பெர்த் நண்பர் சொன்னது டிரக்குக்குள் இருக்கும் சாமானுக்குப் பொருந்தும். "டிரெய்லருக்குள் கனத்தைப் பின்னால் தள்ளிவிட்டால் டிரக் உட்காராதே" என்று ஒரு தம்பி தனியாகக் கேட்டிருந்தார். தயவுசெய்து செய்யாதீர்கள். பால் மேல் 10 சதவீதத்துக்குக் கீழே போனால் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும், வேகத்தில் அதை அடக்குவது மிகக் கஷ்டம். முதலில் தண்ணீர் டேங்க் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். 150 லிட்டர் என்றால் 150 கிலோ. அது ஆக்ஸிலுக்கு முன்னால் இருந்தால், தண்ணீர் கிடைக்கிற கேம்ப்கிரவுண்டுக்குப் போகும்போது வழிக்கு வேண்டியதை மட்டும் வைத்துக்கொண்டு, அங்கே போய் நிரப்பிக்கொள்ளுங்கள்.