சூடத்துக்கு விமானத்தில் இடமில்லை: கூரியர் முகப்பில் திருப்பி அனுப்பப்பட்ட பொருட்கள்

பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்

சரவாக் மாநிலத்தின் கூச்சிங்கில் வேலை பார்க்கும் என் தம்பி சென்ற ஆண்டு அங்கே வீடு வாங்கினான். கிரகப்பிரவேசத்துக்கு வேண்டிய பூசைச் சாமான்களை இங்கிருந்தே அனுப்பிவிட வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டதால், வழக்கமாக வாங்கும் கடையில் பட்டியலைக் கொடுத்து எல்லாவற்றையும் ஒரே நடையில் வாங்கி வந்தேன். விபூதி, குங்குமம், மஞ்சள் தூள், ஊதுவத்தி, சாம்பிராணி, திரிக்கட்டு, ஒரு போத்தல் பன்னீர், அரைக்கிலோ சூடம், ஒரு டசன் தீப்பெட்டி. இவற்றோடு தம்பி தனியாகக் கேட்டிருந்த வாசனைத் திரவியம் ஒரு போத்தல். கண்ணாடிச் சாமான் கட்டுவதுபோல் அத்தனையையும் செய்தித்தாளில் சுற்றிப் பெட்டிக்குள் அடுக்கினேன். எது உடையும் என்று யோசித்தேனே தவிர, எது எரியும் என்று ஒரு கணமும் யோசிக்கவில்லை.

முகப்பில் இருந்த மலாய்ப் பெண் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டார். வழிபாட்டுச் சாமான் என்றேன். அதோடு விடுவார் என்று நினைத்தால், "காப்பூர் பாருஸ் இருக்கிறதா?" என்று சூடத்தின் மலாய்ப் பெயரைச் சொல்லி அடுத்த கேள்வியைக் கேட்டார். இதற்கு முன்பும் நம்மவர் பெட்டிகளைத் திறந்து பார்த்தவர் என்பது அந்தக் கேள்வியிலேயே தெரிந்தது. இருக்கிறது என்று உண்மையைச் சொன்னதும் பெட்டியைப் பிரிக்கச் சொல்லி, சூடம், தீப்பெட்டி, வாசனைத் திரவியம் மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து முகப்பின் ஓரமாக வைத்தார். கடைசியில் அவர் கை விபூதிப் பையில் நின்றது. பெயர்ச்சீட்டு எதுவும் இல்லாத பிளாஸ்டிக் பையில் அரைக்கிலோ சாம்பல் வெள்ளைத் தூள். மேற்பார்வையாளர் வந்தார், பையைத் தூக்கி விளக்கு வெளிச்சத்தில் பார்த்தார், என்னைப் பார்த்தார். வேறு வழி தெரியாமல் ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் பூசிக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டார். ஆனாலும், கடையின் பெயரும் பொருளின் பெயரும் அச்சிட்ட மூடிய பொட்டலமாக வாங்கி வந்தால்தான் ஏற்க முடியும் என்பதில் உறுதியாக இருந்தார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் இதைப் படித்துப் பார்த்தேன். ஆபத்தான பொருட்களை உலகம் முழுவதும் ஒன்பது வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள்: வெடிபொருள், வாயு, எரியும் திரவம், எரியும் திடப்பொருள், ஆக்சிஜனைக் கொடுத்துத் தீயை வளர்ப்பவை, நச்சும் நோய்க்கிருமியும், கதிரியக்கம், அரிப்பவை, இவற்றில் அடங்காத பிற. இன்று கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது கற்பூர மரத்திலிருந்து எடுத்த சூடம் அன்று. டர்பென்டைனிலிருந்து செயற்கையாகத் தயாரிப்பது. அதற்கு ஐக்கிய நாடுகளின் பட்டியலில் 2717 என்று தனி எண்ணே இருக்கிறது. எரியும் திடப்பொருள் வகுப்பில் அது வருகிறது. உருகாமலேயே ஆவியாவது சூடத்தின் குணம் என்பதைத் திறந்து வைத்த டப்பா ஒரு மாதத்தில் காலியாவதைப் பார்த்த எல்லோரும் அறிவோம். அந்த ஆவிதான் தீயை இழுக்கிறது. தீப்பெட்டிக்கு எண் 1944, வாசனைத் திரவியத்துக்கு 1266.

சுமத்திராவின் பாருஸ் துறைமுகம் கற்பூரத்துக்குப் பெயர் போனது. மலாய்க்காரர் சூடத்தை அந்த ஊர்ப் பெயரால்தான் அழைக்கிறார்கள். 1088 ஆம் ஆண்டிலேயே தமிழ் வணிகர் குழு அங்கே தமிழில் கல்வெட்டு வைத்திருக்கிறது. அந்த ஊரின் பெயரைத் தாங்கிய சரக்கை இந்தக் காலத்தில் கடல் தாண்டிக் கூச்சிங்குக்கு அனுப்ப முடியாமல் நான் முகப்பில் நின்றதை நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது. உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

பாயான் லெப்பாஸ், பினாங்கு

ஐயா எழுதிய முகப்புக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பதை நான் சொல்ல முடியும். பொட்டலங்களைத் தரம் பிரிக்கும் கூடத்தில் நான்கு ஆண்டுகள் ஊடுகதிர் (எக்ஸ்ரே) திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவன் நான். கடலுக்கு அப்பால் இருக்கும் சபா, சரவாக்குக்குப் போகும் பொட்டலங்கள் பெரும்பாலும் விமானத்தில் ஏறுகின்றன. ஈப்போவுக்கும் ஜொகூருக்கும் போகிறவை லோரியில் போகின்றன. ஒரே பொருளை ஒருவர் அனுப்பினால் ஏற்பதும் இன்னொருவர் அனுப்பினால் மறுப்பதும் முகப்பில் இருப்பவரின் மனநிலையைப் பொறுத்தது என்று பலர் திட்டுகிறார்கள். பெரும்பாலான நேரங்களில் வேறுபாடு முகவரியில்தான் இருக்கிறது.

எங்களிடம் அதிகம் மாட்டியவை பட்டாசும் பெட்ரோலும் அல்ல, பவர்பேங்க்தான். திரையில் துணி மங்கிய ஆரஞ்சு நிறத்தில் தெரியும். அதன் நடுவே பேட்டரி அடர்ந்த நிறத்தில், விரல்களை வரிசையாக அடுக்கியதுபோல் தெரியும். 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட அந்த உருளைகளைக் கண்ணை மூடிக்கொண்டு என்னால் இன்றும் வரைய முடியும். ஒருமுறை "பாஜு" (மலாயில் சட்டை) என்று எழுதிய பொட்டலத்தில் நான்கு சட்டைகளுக்கு நடுவே இரண்டு பவர்பேங்க் இருந்தன. அனுப்பியவரை அழைத்தபோது அவர் கோபமாகக் கேட்ட கேள்வி நியாயமானதுதான்: விமானத்தில் பயணிகள் அதையே கைப்பையில் கொண்டு போகிறார்களே, பொட்டலத்தில் வைத்தால் மட்டும் என்ன கேடு?

கேடு இடத்தைப் பொறுத்தது. கைப்பையில் புகைந்தால் பக்கத்து இருக்கைக்காரர் கத்துவார், பணிப்பெண் தண்ணீரோடு ஓடி வருவார். சரக்கறையில் புகைந்தால் பார்ப்பதற்கு யாரும் இல்லை. லித்தியம் பேட்டரியில் ஓர் உருளை சூடேறித் தன் கட்டுப்பாட்டை மீறினால், அந்த வெப்பம் அடுத்த உருளையையும் பற்ற வைக்கும். மற்ற தீயைப்போல் அதை எளிதில் அடக்க முடியாது. 2010 செப்டம்பர் 3 அன்று துபாயிலிருந்து கொலோன் நகருக்குப் புறப்பட்ட யூபிஎஸ் சரக்கு விமானத்தில், புறப்பட்டு ஏறத்தாழ 22 நிமிடங்களில் தீ எச்சரிக்கை ஒலித்தது. லித்தியம் பேட்டரிகளும் இருந்த சரக்கில் பிடித்த அந்தத் தீயின் புகை விமானிகளின் கண்முன் இருந்த கருவிகளையே மறைத்தது. துபாய்க்குத் திரும்ப முயன்ற அந்த போயிங் 747 விழுந்து நொறுங்கியதில் விமானிகள் இருவரும் இறந்தார்கள். 2016 ஏப்ரல் 1 முதல், தனியாக அனுப்பும் லித்தியம் அயன் பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றக்கூடாது என்ற தடை வந்தது. சரக்கு விமானத்திலும் 30 விழுக்காட்டுக்கு மேல் மின்னேற்றம் இருக்கக்கூடாது என்றார்கள்.

இதில் "தனியாக" என்ற சொல்தான் முக்கியம். மடிக்கணினிக்கு உள்ளே பொருத்திய பேட்டரிக்கு எண் 3481. உரிய முறையில் கட்டினால் பல நிறுவனங்கள் ஏற்கும். பவர்பேங்க் பார்ப்பதற்கு ஒரு கருவிபோல் இருந்தாலும் விதியின் கண்ணில் அது வெறும் பேட்டரிதான், எண் 3480. வீங்கிய பேட்டரியை மாற்றித் தரச் சொல்லிக் கைப்பேசியை அப்படியே கடைக்கு அனுப்புகிறவர்களும் உண்டு. பழுதடைந்து வீங்கிய பேட்டரி எந்த விமானத்திலும் ஏறக்கூடாது. அப்படி ஒன்றை நாங்கள் மணல் வாளியில் வைத்து வெளியே கொண்டுபோன நாளில் என் கை நடுங்கியதை இன்றும் மறக்கவில்லை.

செந்தூல், கோலாலம்பூர்

தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். என்னிடம் பழைய இரத்த அழுத்தமானி ஒன்று இருந்தது. மரப்பெட்டி, கண்ணாடிக் குழாய், அதனுள் ஏறி இறங்கும் பாதரசம். சபாவின் கோத்தா கினபாலுவில் மருத்துவம் படிக்கும் அக்காள் மகனுக்கு அதை நினைவுப்பொருளாக அனுப்ப ஆசைப்பட்டேன். முகப்பில் இருந்த இளைஞர் "ஆண்ட்டி, இது தெர்மாமீட்டர் மாதிரியா?" என்று கேட்டார். அதைவிடப் பல மடங்கு பாதரசம் இதில் இருக்கிறது, தம்பி என்று பெருமையாகச் சொன்னேன். அந்தப் பெருமைதான் பெட்டியைத் திருப்பி அனுப்பியது.

நச்சு என்பதால் மறுக்கிறார்கள் என்று நினைத்தேன். முதல் காரணம் அதுவல்ல. பாதரசம் அரிக்கும் பொருட்களின் வகுப்பில், 2809 என்ற எண்ணில் இருக்கிறது. விமானத்தின் உடல் பெரும்பாலும் அலுமினியக் கலவை. அலுமினியத்தின் மேல் இயல்பாகப் படிந்திருக்கும் மெல்லிய ஆக்சைடு படலத்தில் ஒரு கீறல் இருந்து, அந்த இடத்தில் பாதரசம் ஒரு சொட்டு விழுந்தால் போதும். உலோகம் உள்ளுக்குள்ளேயே உதிரத் தொடங்கும். சிந்திய பாதரசத்தைக் காகிதத்தால் கூட்டி எடுத்த அனுபவம் எனக்கு உண்டு. உருண்டு உருண்டு எந்த இடுக்கில் போய் ஒளிந்துகொள்ளும் என்று சொல்ல முடியாது. விமானத்தின் அடித்தளத்தில் அது ஓடினால் யார் தேடுவது? பாதரசத்தைக் கட்டிச் செய்யும் ரசமணியை அனுப்ப நினைப்பவர்களும் இதைக் கவனத்தில் கொள்ளலாம்.

அழுத்தமானி இப்போது என் வரவேற்பறைக் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. அக்காள் மகன் விடுமுறைக்கு வந்தபோது அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு போனான்.

பட்டர்வொர்த், பினாங்கு

என்னுடையது சிறிய கதை. வீட்டில் போட்ட சிஞ்சாலோக் (சிறு இறாலைப் புளிக்க வைத்துச் செய்வது) இரண்டு போத்தலைக் கூச்சிங்கில் இருக்கும் நண்பருக்கு அனுப்பப் போனேன். புளிக்கும் பொருள் என்பதால் மறுத்துவிட்டார்கள். போத்தலுக்குள் வாயு சேர்ந்துகொண்டே இருக்கும். பறக்கும்போது விமானத்துக்குள் காற்றழுத்தம் தரையில் இருப்பதைவிடக் குறையும். மூடி தெறித்தால் மற்றவர்களின் பொட்டலங்கள் எல்லாம் இறால் நாற்றம் அடிக்கும். கூடவே கொண்டுபோன டுரியானையும் மறுத்தார்கள், அதற்கும் நாற்றம்தான் காரணம். பாலிக் புலாவ் தோட்டத்துப் பழம் என்று சொல்லிப் பார்த்தேன். முகப்பில் இருந்தவர் அதே ஊர்க்காரர், ஆனாலும் மசியவில்லை.

ஜார்ஜ்டவுன், பினாங்கு

ஆபத்தான பொருளாக இல்லாவிட்டாலும் போய்ச் சேரும் நாட்டில் தடை இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு என் அனுபவம் ஓர் எடுத்துக்காட்டு. சிங்கப்பூரில் இருக்கும் தங்கைக்குக் குருமா மசாலாவுக்கான சாமான்களைத் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி எடுத்துச் சென்றேன். அனுப்பும் படிவத்தில் ஒவ்வொரு பொருளின் பெயரையும் எழுதச் சொன்னார்கள். பட்டை, கிராம்பு, சோம்பு வரை பேனா தடையில்லாமல் ஓடியது. கசகசாவுக்கு மலாயில் "கஸ் கஸ்" என்று எழுதியதும் அவர் தலையை ஆட்டினார். சிங்கப்பூரில் அது தடை செய்யப்பட்ட பொருள்; போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவின் கண்காணிப்பில் வருகிறது. அபினிச் செடியின் விதை என்பதுதான் காரணம். ஐக்கிய அரபு சிற்றரசுகளிலும் அதே நிலை. அங்கே கறிக்குப் போடும் கசகசாவோடு சிக்கினால் சிறை வரை போகலாம். நம் ஊர் மளிகைக் கடையில் யார் வேண்டுமானாலும் வாங்கும் பொருள், ஒரு பாலத்தைத் தாண்டினால் குற்றமாகிவிடுகிறது. தங்கையின் குருமா இப்போது முந்திரிப்பருப்பில் கெட்டியாகிறது. அவள் மாமியாருக்கு அதுதான் பிடித்திருக்கிறதாம்.

செராஸ், கோலாலம்பூர்

வீட்டிலிருந்தே அத்தரும் கூந்தல் தைலமும் விற்கிறேன். சபாவிலிருந்து முதல் வாங்குநர் கிடைத்த மகிழ்ச்சியில் ஓடிப்போய், "எண்ணெய்" என்று எழுதிக் கொடுத்தேன். பொட்டலம் மூன்று நாள் கழித்துத் திரும்பி வந்தது. ஏன் என்று ஒருவரும் ஒழுங்காகச் சொல்லவில்லை. பிறகு சரக்கு முகவர் ஒருவர்தான் பாதுகாப்புத் தரவுத் தாள் என்று ஒன்று இருப்பதையே எனக்குச் சொன்னார். 16 பகுதிகள் கொண்ட அந்தத் தாளை மூலப்பொருள் விற்பவரிடம் கேட்டு வாங்க வேண்டும். ஒன்பதாம் பகுதியில் தீப்பற்று வெப்பநிலையும் பதினான்காம் பகுதியில் போக்குவரத்து வகுப்பும் இருக்கும். 60 பாகை செல்சியசிலோ அதற்குக் கீழோ ஆவி தீப்பற்றினால் அது எரியும் திரவம். ஆல்கஹால் கலந்த என் ரோஜா வாசனைத் தெளிப்பு அதில் மாட்டியது. சந்தன எண்ணெயில் இறக்கிய அத்தர் தப்பியது. என் கலவைக்கென்று தனியாக ஒரு தாள் தயாரிக்கப் பணம் செலவானதென்னவோ உண்மைதான். ஆனால் இப்போது தாளின் நகலைப் பெட்டியின் மேலேயே ஒட்டிவிடுகிறேன். அத்தர் திரும்பி வருவதில்லை. தெளிப்பைத் தீபகற்பத்துக்குள் லோரியில் அனுப்பும் ஒரு நிறுவனத்திடம் மட்டும் கொடுக்கிறேன், அதுவும் அவர்களிடம் உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்து.

பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்

எழுதிய அனைவருக்கும் நன்றி. கூடத்தில் வேலை பார்த்த தம்பி சொன்னதைப் படித்த பிறகு, என்னைக் கேள்வி கேட்ட அந்தப் பெண்ணின் மேல் எனக்கிருந்த கொஞ்ச வருத்தமும் போய்விட்டது.

பெட்டி கடைசியில் பெயர் அச்சிட்ட விபூதிப் பொட்டலத்தோடு போய்ச் சேர்ந்தது. சூடத்தைத் தம்பி கூச்சிங்கிலேயே ஒரு கடையில் வாங்கிக்கொண்டான். இங்கே விற்பதைவிட விலை அதிகம் என்று அம்மா இன்றும் குறைப்பட்டுக்கொள்கிறார். வாசனைத் திரவியத்தை அவன் தீபாவளிக்கு வரும்போது பயணப் பெட்டியில் வைத்து எடுத்துச் செல்லலாம். ஒரு போத்தல் அரை லிட்டருக்கு மிகாமலும், குளியலறைப் பொருட்கள் எல்லாம் சேர்த்து இரண்டு லிட்டருக்கு மிகாமலும் இருந்தால் தடையில்லை. தீப்பெட்டிகளுக்கு அந்தச் சலுகையும் இல்லை. ஒரே ஒரு சிறிய பெட்டியைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். அந்த ஒரு டசனில் நான்கு தீர்ந்துவிட்டன. மீதி எட்டும் எங்கள் பூசையறையில் இருக்கின்றன.