ஏற்காடு இறக்கமும் இறுகும் கையும்

கணேசன் சார்: ஞாயிறு சைக்கிள்ல ஏற்காடு போறவங்ககிட்ட ஒரு கேள்வி. ஏத்தத்துல பிரச்சனை இல்ல. இறங்கும்போது வேகம் மணிக்கு 35 கி.மீ. தாண்டினா கை தானா இறுகிடுது. வயசு 52. வயசுக் கோளாறா, சைக்கிள் கோளாறா?

பிரபு: பிரேக்கை விட்டுப் பழகுங்க சார், பயம் தானா போயிடும் 😀

மாலதி அக்கா: தம்பி, அந்த யோசனையை உன்கூடயே வச்சுக்கோ. சார், எங்க பிடிக்கிறீங்க? ஹூட்லயா (பிரேக் லீவருக்கு மேல இருக்குற ரப்பர் பிடி)?

கணேசன் சார்: ஆமாங்க. டிராப்ஸ்ல (ஹேண்டிலோட கீழ வளைஞ்ச பகுதி) பிடிச்சா லீவர் எட்டல, கழுத்தும் வலிக்குது.

மாலதி அக்கா: அதான் காரணம். ஹூட்ல இருந்து அழுத்தினா லீவரோட மேல்பகுதிதான் கிடைக்கும், அதிக பலம் வேணும், அதனால முழங்கை வரைக்கும் இறுகும். டிராப்ஸ்ல ரெண்டு விரலே போதும்.

மெக்கானிக் ரவி: லீவரைக் கைக்குக் கிட்ட கொண்டுவர அதுல ரீச் திருகு இருக்கும், சில மாடல்ல ஹூட் ரப்பரைத் தூக்கினாத்தான் தெரியும். கழுத்துக்கு: ஸ்டெம்முக்கு (ஹேண்டிலைப் பிடிச்சிருக்குற துண்டு) மேல ஸ்பேசர் வளையம் இருந்தா கீழ மாத்தலாம், ஹேண்டில் 10, 20 மிமீ உயரும். மாட்டும்போது முதல்ல உச்சில இருக்குற டாப் கேப்பை இறுக்கணும், அப்புறம்தான் ஸ்டெம் போல்ட். முன் பிரேக்கைப் பிடிச்சு முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்க. டொக் டொக்னு ஆடினா ஹெட்செட் (ஹேண்டில் திரும்புற பேரிங்) லூஸ். அதோட இறங்கவே கூடாது, வேகத்துல ஹேண்டில் உதறும்.

கணேசன் சார்: உதறினா?

மாலதி அக்கா: ரெண்டு முட்டியாலயும் டாப் ட்யூபை (ஃபிரேமோட மேல்குழாய்) நெருக்குங்க, சீட்ல இருந்து எடையை லேசா எடுங்க, பின் பிரேக்கால மெதுவா குறைங்க. ஹேண்டிலை இறுக்கினா ஜாஸ்தியாகும். டிசம்பர் காலைல குளிர்ல உடம்பு நடுங்கினாலும் இதே உதறல் வரும். மேலயே ஜெர்க்கினும் கையுறையும் போட்டுக்கோங்க.

பிரபு: சரிக்கா, கணக்காவே சொல்றேன். சமதளம், காஞ்ச ரோடு, சுதாரிக்க 1 விநாடி, ரெண்டு பிரேக்கும் நல்லா பிடிச்சா நிக்க ஆகும் தூரம் சுமாரா: 30ல 15 மீட்டர், 40ல 24, 50ல 34. இறக்கத்துல இன்னும் கூடும். முன்னாடி 20 மீட்டர்தான் தெரியுதுன்னா 40ல போகவே கூடாது. சாரோட கை இறுகுறது சரியான எச்சரிக்கைதான்.

மாலதி அக்கா: இப்ப உருப்படியா பேசுற 👍 வளைவுக்கு வருவோம். 20 கொண்டை ஊசிக்கும் போர்டு இருக்கு, போர்டு தெரிஞ்சதுமே பிரேக். திரும்ப ஆரம்பிக்குமுன்ன வேகம் குறைஞ்சிருக்கணும். உள்ள போயிட்டு முன் பிரேக்கை அழுத்தினா, மணல் கிடந்தா முன்சக்கரம் வழுக்கும். வெளிப்பக்க பெடல் கீழ, எடை அதுமேல. பார்வை வளைவு முடியுற இடத்துல. பள்ளத்தையே பாத்தா பள்ளத்துலதான் விழுவோம்.

வலது கொண்டை ஊசில ஏறி வர்ற பஸ் உள்வட்டம். அதுக்கு இடம் பத்தாது, நம்ம பாதைக்குள்ள மூக்கை நீட்டும். ஹாரன் கேட்டா வளைவுக்கு முன்னயே ஓரமா நின்னுடுங்க, ஏறுற வண்டிக்குத்தான் வழி. இடது வளைவுல நாம உள்வட்டம், சரிவு ஜாஸ்தி. வேகமா நுழைஞ்சா எதிர்ப்பக்கம் போய் நிப்போம்.

மெக்கானிக் ரவி: பயத்துல விடாம லேசா பிரேக் பிடிச்சிட்டே வர்றதுதான் பெரிய தப்பு. பேட் உரசிச் சூடாகுற ரிம் (சக்கர வளையம்) ஆற நேரமே இருக்காது. நேர் ரோட்டுல விட்டு, வளைவுக்கு முன்ன அழுத்திப் பிடிச்சு, மறுபடி விடணும். கார்பன் ரிம்முக்கு இது இன்னும் முக்கியம்.

கணேசன் சார்: என் கண்ணாடி புரோகிரசிவ் (தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே கண்ணாடி). அது பரவாயில்லையா?

மாலதி அக்கா: கீழ்ப்பாதி கிட்டத்துப் பார்வைக்கானது, சக்கரத்துக்கு முன்னாடி கிடக்குற குழி மங்கலாத்தான் தெரியும். சைக்கிளுக்குத் தூரப்பார்வை மட்டும் உள்ள கண்ணாடி தனியா போடுங்க. ஃபிரேமோட மேல்விளிம்பு உயரமா இருக்கட்டும், குனிஞ்சா அது மறைக்கக் கூடாது.

பிரபு: டயர் காத்து?

மெக்கானிக் ரவி: 28 மிமீ அகல டயர், ஆள் எடை 75 கிலோன்னா பின்னால 70 பிஎஸ்ஐ (காத்தழுத்த அளவு), முன்னால 65. 100 அடிச்சா கல்லுக்குக் கல் துள்ளும், பிடிப்பு போயிடும்.

மாலதி அக்கா: சார், ஞாயிறுக்கு முன்ன காலி மைதானத்துல சாக்பீஸ் கோடு போட்டு, 25ல வந்து கோட்டுல இருந்து நிறுத்திப் பழகுங்க. பின்புறத்தை சீட்டுக்குப் பின்னால தள்ளி, முன் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க. பின்சக்கரம் லேசாகி இழுபட ஆரம்பிச்சா, அந்த இடத்துல முன் பிரேக்கைக் கொஞ்சம் விடணும்.

மெக்கானிக் ரவி: சனி சாயங்காலம் 6 மணிக்குள்ள கடைக்கு வண்டியைக் கொண்டாங்க சார், பிரேக் பேட்ல இருக்குற காடி (கீறல் பள்ளம்) தேஞ்சிருக்கான்னு பாத்துடறேன்.