ஒரே சொல், மூன்று வறட்சி

மழைக்கணக்கு (பதிவு):
2017 கோடையில் காவிரி டெல்டா வறட்சி பற்றிய ஆய்வு ஒன்றில் இருந்தேன். என் துறை புள்ளியியல். கூட ஒரு வானிலை ஆய்வாளர், நிலத்தடி நீர் பார்ப்பவர் ஒருவர், நெல் ஆராய்ச்சி செய்யும் மேடம் ஒருவர். முந்தைய ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவீதம் குறைந்திருந்தது. ஜனவரியில் மாநிலம் முழுவதும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்தும்விட்டது. வறட்சி எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது என்று அட்டவணை போடுவதில் என்ன சிக்கல் வரும் என்று நினைத்தேன்.

மூன்று மாதம் மின்னஞ்சலிலேயே போனது. மூன்று பேரும் மூன்று தேதி தந்தார்கள். ஒருவர் அனுப்பிய தாளை இன்னொருவர் திருத்தி அனுப்புவார், மூன்றாமவர் பதிலே போடமாட்டார். கடைசியில் நான் மூன்று தேதிக்கும் சராசரி எடுத்து வைத்தேன். அந்தத் தாளை நினைத்தால் இன்றும் மனம் கூசுகிறது.

மன்னார்குடிப் பக்கம் வயல் பார்த்துவிட்டு ஒரு டீக்கடையில் உட்கார்ந்தபோது மேடம்தான் ஆரம்பித்தார்: "சார், வறட்சின்னு நீங்க எதைச் சொல்றீங்க?"

"வழக்கமான மழையில 26 சதவீதம் குறைஞ்சா வறட்சி. 50-ஐத் தாண்டினா கடும் வறட்சி" என்றார் வானிலைக்காரர்.

நிலத்தடி நீர்க்காரர் டம்ளருக்கு அடியில் தேங்கிய தண்ணீரில் விரலைத் தொட்டு பெஞ்சில் இரண்டு கோடு இழுத்தார். மேலே மழை, கீழே கிணற்று மட்டம். "மழைக் கோடு ஏற ஆரம்பிச்ச பிறகும் என் கோடு இறங்கிக்கிட்டே இருக்கும் பாருங்க." வெயிலில் கோடு காய, திரும்பத் தொட்டு வரைந்தார்.

மேடம் சொன்னார்: "மொத்த மழை சரியா இருந்தாக்கூட எனக்குப் போதாது சார். கதிர் வெளிய வர்றதுக்கு முன்னாடி, தொண்டைக்கதிர்ல பத்து நாள் காய்ஞ்சா, அறுக்கும்போது பாதி பதர்தான்."

யாரும் யாரையும் திருத்தவில்லை. அட்டவணையில் ஒரு பத்தி இருந்த இடத்தில் மூன்று பத்திகள் வந்தன. அப்புறம்தான், மழை திரும்பிய பிறகும் விவசாயி ஏன் கடனில் இருக்கிறார் என்பது எங்களுக்கே புரிய ஆரம்பித்தது.

எண்கோலம் (மறுமொழி):
டீக்கடை என்றதும் எங்கள் கணிதப் பேராசிரியர் வகுப்பில் சொன்னது நினைவுக்கு வந்தது. 1972-இல் பிரின்ஸ்டன் உயர் ஆய்வு நிறுவனத்தில் தேநீர் நேரம். பகா எண்களோடு தொடர்புடைய ரீமன் சீட்டா சார்பு (zeta function) பற்றி ஆய்வு செய்துகொண்டிருந்த ஹியூ மாண்ட்கோமரியை, இயற்பியலாளர் ஃபிரீமன் டைசனிடம் கட்டாயப்படுத்தி அறிமுகம் செய்துவைத்தவர் நம் நாட்டுக் கணிதர் சர்வதமன் சௌலா. மாண்ட்கோமரி தன் சூத்திரத்தைச் சொன்னதும், கனமான அணுக்கருக்களின் ஆற்றல் நிலைகளை ஆராயும்போது தாங்கள் பயன்படுத்தும் சூத்திரம் அது என்று டைசன் கண்டுகொண்டார். சௌலாவை யாரும் அதிகம் பேசுவதில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. நான்கு பேர் நடுவில் ஒருவர் எழுந்துபோய்க் கையைப் பிடித்து அழைத்து வர வேண்டியிருக்கிறதே.

பானை ஓடு (மறுமொழி):
எனக்குத் தொல்லியல். ஓர் ஆற்றங்கரை அகழாய்வில் குழியை மூட இருந்தோம். அடியில் ஓடு, கரி எதுவும் இல்லாத மஞ்சள் மண் வந்துவிட்டது. கன்னி மண் என்று குறிப்பேட்டில் எழுதியாயிற்று. அன்றைக்கு நிலவியல் படிக்கும் ஒரு மாணவி வேறு வேலையாக வந்திருந்தார். "கன்னி மண்ணுன்னா என்ன அண்ணா?" என்று கேட்டார். மனிதக் கை படாத மண் என்றேன். அவர் குழிக்குள் இறங்கி, ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தார். "இது வெள்ளம் கொண்டுவந்து போட்ட வண்டல் மாதிரி இருக்கே. கை படலைதான். ஆனா இதுக்குக் கீழ யாராவது இருந்திருக்கலாம் இல்லையா?"

மறுநாளும் ஆட்களை வரச் சொன்னோம். ஒரு முழம் போனதும் கறுப்பு சிவப்புப் பானையின் விளிம்பு ஒன்று தட்டுப்பட்டது.