யூனிட் அனுபவ முறையை மாற்றுதல்: கடைசிக் குண்டா, சேதப் பங்கா?

தேர்ப்பாகன்:
நிகழ்நேர உத்தி விளையாட்டு ஒன்றுக்கு மாட் (ரசிகர்கள் செய்யும் மாற்று வடிவம்) உருவாக்கி வருகிறேன். எதிரியை வீழ்த்தும் கடைசிக் குண்டு எந்த யூனிட்டுடையதோ (வீரர், டாங்கி போன்ற படை உறுப்பு), அதற்கே முழு அனுபவப் புள்ளியும் சேரும்படி இப்போது அமைத்திருக்கிறேன். இதனால் பின்வரிசைப் பீரங்கிகள் குற்றுயிராகக் கிடப்பவற்றைச் சுட்டே எலைட் என்னும் உச்ச அனுபவ நிலையை எட்டிவிடுகின்றன. முன்னால் நின்று அடி வாங்கும் டாங்கிகளோ கடைசி வரை பதவி உயர்வு காணாமலே அழிகின்றன. இழைத்த சேதத்திற்கேற்பப் புள்ளிகளைப் பகிர்ந்தளித்தால் இக்குறை தீருமா? வெல்பவரின் கை மேலும் ஓங்கிவிடுமோ என்ற ஐயமும் இருக்கிறது.

கோட்டைவாசல்:
ஓரளவு தீரும். சுப்ரீம் கமாண்டர் விளையாட்டில் முதலில் வீழ்த்திய எண்ணிக்கையே கணக்கில் கொள்ளப்பட்டது; ரசிகர்கள் பராமரிக்கும் அதன் வடிவமான ஃபோர்ஜ்டு அலையன்ஸ் ஃபார்எவரில் அது அழிக்கப்பட்ட யூனிட்டின் மாஸ் (ஆட்டத்தின் கட்டுமான வளம்) மதிப்பையும் சேதப் பங்கையும் சார்ந்ததாக மாற்றப்பட்டது. மதிப்பைக் கணக்கில் கொள்வது இன்றியமையாதது. 2000இல் வந்த ரெட் அலர்ட் 2இல் ஒரு யூனிட் வெட்டரன் (முதல் பதவி உயர்வு) ஆக, தன் விலையைப் போல் மூன்று மடங்கு மதிப்புள்ள எதிரிகளை அழிக்க வேண்டும். 200 விலையுள்ள ஜிஐ என்னும் காலாள், 700 விலையுள்ள ஒரே ஒரு கிரிஸ்லி டாங்கியை வீழ்த்தினால் போதும். 1750 விலையுள்ள அபோகலிப்ஸ் டாங்கியோ 5250 மதிப்புக்கு அழித்தாக வேண்டும். மலிவான யூனிட்டைக் காப்பாற்றி வைத்திருப்பதற்கு இந்த விகிதமே ஒரு காரணத்தைத் தருகிறது.

நிழற்படை:
சேதப் பங்கு என்றாலும் பீரங்கிக்குத்தான் ஆதாயம், ஏனெனில் அது பாதுகாப்பாக நின்று தொடர்ந்து சேதம் இழைத்துக்கொண்டே இருக்கிறது. வாங்கிய அடிக்கும் ஒரு சிறு பங்கு புள்ளி கொடுக்காதவரை உங்கள் டாங்கிகளின் நிலை மாறாது.

ஆயினும் பங்கீட்டைவிட, அந்த அனுபவம் எப்போது பறிபோகிறது என்பதே முதன்மையானது என்று கருதுகிறேன். கம்பெனி ஆஃப் ஹீரோஸில் (2006) அமெரிக்கக் காலாட்குழு போரிட்டு அனுபவம் பெறும். குழுவில் ஒருவர் எஞ்சிப் பின்வாங்கினாலும் ஆட்களை நிரப்பி அதே நிலையில் மீண்டும் களமிறக்கலாம் என்பதால், எப்போது பின்வாங்குவது என்பதே ஒரு திறமையாகிறது. அதே ஆட்டத்தில் ஜெர்மன் படையான வேர்மாக்ட் தன் அனுபவ நிலையை ஒரு கட்டடத்தில் வளங்களைச் செலவிட்டு வாங்கிக்கொள்கிறது. அது அந்த வகை யூனிட்டுகள் அனைத்துக்கும் பொருந்துவதால் ஒரு குழு அழிந்தாலும் அனுபவம் போவதில்லை. இரண்டாம் பாகத்தில் வேர்மாக்டும் போரிட்டே அனுபவம் பெறும்படி ஆக்கினார்கள். இரு தரப்பும் இழப்புக்கு ஒரே அளவில் அஞ்ச வேண்டிய நிலை வந்தது என்பதால் அது நல்ல மாற்றமே, பழைய ஏற்பாட்டின் தனித்தன்மை எனக்குப் பிடித்திருந்தது என்றாலும்.

தேர்ப்பாகன்:
வாங்கிய அடிக்குப் புள்ளி தருவது எனக்குத் தோன்றவே இல்லை. ஆனால் வேண்டுமென்றே அடி வாங்கி, பழுதுபார்த்து, மீண்டும் அடி வாங்கிப் புள்ளி சேர்ப்பார்களே?

கோட்டைவாசல்:
ஒவ்வொரு யூனிட்டும் அவ்வழியில் பெறக்கூடிய மொத்தப் புள்ளிக்கு உச்சவரம்பு வையுங்கள். வார்கிராஃப்ட் 3இல் ஐந்தாம் நிலையை எட்டிய நாயகனுக்குக் காட்டு உயிரினங்களிடமிருந்து அனுபவம் கிடைப்பதில்லை. அதற்கு மேல் உயர வேண்டுமானால் எதிராளியுடன் மோதியே ஆக வேண்டும். வெல்பவரின் கை ஓங்குவது பற்றிய ஐயத்துக்கும் வரம்பே உதவும்: எலைட் நிலையில் தாக்குதல் வலிமையைக் கூட்டாமல், பார்வைத் தொலைவையோ தானாகக் குணமாகும் வேகத்தையோ மட்டும் சற்றுக் கூட்டிப் பாருங்கள்.