கலைச்சொல் வேண்டுகோள்: உலாவியின் புதிய பதிப்பில் நின்றுபோன நீட்சிகளுக்கு என்ன பெயர்?

மொழிபெயர்ப்பாளர், கோவை

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

பொது நூலகங்களில் கணினி பழகுவோருக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வரும் வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுத்தாக வேண்டும். ஃபயர்பாக்ஸ் உலாவி பற்றிய இயல் முடிந்தது என்று நான் நிம்மதியாக இருந்த நேரத்தில், 2017 நவம்பர் 14ஆம் நாள் அதன் 57ஆம் பதிப்பு 'குவாண்டம்' என்னும் அடைமொழியோடு வெளிவந்து, இயலில் பாதியைத் திரும்ப எழுத வைத்துவிட்டது. 2014இல் 29ஆம் பதிப்போடு வந்த வளைந்த கீற்றுகள் (டேப்) இப்போது சதுரமாகிவிட்டன. படங்களை மாற்றினால் அது சரியாகிவிடும். சரியாகாமல் நிற்பது 'லெகஸி' என்ற ஒரு சொல்.

பயனர்கள் இப்பதிப்பைப் பற்றி எழுதுவனவற்றைப் படித்துப் பார்த்து, கேள்வி பதில் பகுதி ஒன்றைக் கையேட்டில் சேர்த்துவருகிறேன். வேகத்தைப் பாராட்டுவோர் நிறையப் பேர். பல ஆண்டுகளுக்கு முன் குரோமுக்குப் போனவர்கள் திரும்பி வந்ததாகக்கூட எழுதுகிறார்கள். அதே அளவு உரத்த குரலில் மற்றொரு கூட்டம், "என் நீட்சி எங்கே போயிற்று?" என்று கேட்கிறது. (நீட்சி என்பது கூடுதல் வசதிக்காக உலாவியோடு சேர்த்துக்கொள்ளும் சிறு நிரல்.) கோப்புகளைக் கொத்தாகப் பதிவிறக்கும் டவுன்தெம்ஆல், கீற்றுகளை விருப்பப்படி அடுக்க உதவும் டேப் மிக்ஸ் பிளஸ், பழைய தோற்றத்தை மீட்டுத் தந்த கிளாசிக் தீம் ரெஸ்டோரர் ஆகிய மூன்றின் பெயரும் ஓயாமல் அடிபடுகின்றன. துணைநிரல் மேலாளரைத் திறந்தால் இவையெல்லாம் 'லெகஸி எக்ஸ்டென்ஷன்ஸ்' என்ற தனிப் பிரிவில் கிடக்கின்றன. இன்றைய தரத்துக்கு ஒத்துவராததால் முடக்கப்பட்டுள்ளன என்ற பொருளில் மேலே ஒரு வரியும், ஒவ்வொன்றுக்கும் எதிரே மாற்று தேடுவதற்கான பொத்தானும் உள்ளன.

'மரபு நீட்சிகள்' என்று எழுதியிருந்தேன். வரைவைப் படித்த நூலகர் ஒருவர், "மரபு என்றால் காப்பாற்ற வேண்டியது அல்லவா, அதை எதற்கு முடக்கினார்கள்?" என்று கேட்டுவிட்டார். தக்க சொல்லைப் பெரியோர் தந்து உதவ வேண்டும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்

அம்மையீர், வணக்கம்.

நூலகரின் ஐயம் மிகவும் நியாயமானது. உயர்ந்தோர் எப்பொருளை எச்சொல்லால் வழங்கினரோ அப்படியே வழங்குதல் மரபு என்பது நன்னூலார் கருத்து. மரபு என்று பெயர் சூட்டிவிட்டு அதே மூச்சில் 'தரத்துக்கு ஒத்துவராது' என்பது முரண்.

'லெகஸி' என்பதன் மையக் கருத்து, முன்னிருந்தோர் விட்டுச்சென்று பின்னிருப்போரிடம் எஞ்சியிருப்பது என்பதாகும். அதற்கு நம்மிடம் ஈராயிரம் ஆண்டுச் சொல் ஒன்று ஆயத்தமாக இருக்கிறது. எஞ்சு என்னும் வினையடியிலிருந்து பிறந்த 'எச்சம்' என்பதே அது. "தக்கார் தகவிலர் என்பது அவரவர் எச்சத்தாற் காணப் படும்" என்னும் 114ஆம் குறளில் பரிமேலழகர் அதற்கு மக்கள் என்று பொருள் கொண்டார். ஒருவர் விட்டுச்செல்லும் புகழ் என்று கொண்டோரும் உண்டு. எவ்வாறு கொண்டாலும், ஒருவருக்குப் பின் நிற்பது என்ற பொருள் மாறுவதில்லை. இலக்கணத்திலும் பெயரெச்சம், வினையெச்சம் ஆகியவை தம்மளவில் முற்றுப்பெறாமல் பிறிதொரு சொல்லை வேண்டி நிற்பவை. அந்த நீட்சிகளும் தமக்கேற்ற உலாவியை வேண்டி நிற்கின்றன அல்லவா? மகர ஈறு கெட்டு 'எச்சநீட்சி' எனப் புணரும்.

எச்சம் வேண்டாம் என்போர் 'முதுநீட்சி' எனலாம். முதுமொழி, முதுமக்கள் போல இங்கே ஈறு மட்டும் கெடும். நீட்சி என்பதற்குப் பதிலாக 'இணைப்பு' என்று வைத்துக்கொண்டால் மூதூர் போல ஆதி நீண்டு 'மூதிணைப்பு' ஆகும். அது இன்னும் அழகு.

நிரலாளர், சென்னை

ஐயா, வணக்கம். எச்சம் என்ற சொல்லின் ஆழம் எனக்குப் புரிகிறது. ஆனால், நூலகத்துக்கு வரும் பதினாறு வயதுப் பிள்ளைக்கு எச்சம் என்றால் ஜன்னல் கம்பியில் காக்கை விட்டுப்போவது மட்டுமே நினைவுக்கு வரும்.

சொல்லுக்கு முன்னால், நடந்தது என்ன என்பதைச் சற்று விளக்கினால் விவாதம் நேராகும் என்று நினைக்கிறேன். பழைய நீட்சிகள் உலாவியின் இடைமுகம் எந்த மொழியில் எழுதப்பட்டதோ அதே எக்ஸ்.யூ.எல். மொழியில் எழுதப்பட்டு, உலாவியின் உள்ளுறுப்புகளில் நேரடியாகக் கை வைத்தன. வாடகைக்கு வந்தவர் சுவரை உடைத்துத் தம் விருப்பப்படி மின்கம்பி இழுத்துக்கொள்வது போன்ற உரிமை அது. அதனால்தான் வேறெந்த உலாவியிலும் முடியாதவை அங்கே முடிந்தன. அதனால்தான் ஒவ்வொரு பதிப்பிலும் ஏதேனும் ஒரு நீட்சி உடைந்தது. 2016இல் 48ஆம் பதிப்பு தொடங்கி, உலாவியின் இடைமுகத்தையும் வலைப்பக்கங்களையும் தனித்தனிச் செயல்முறைகளாகப் பிரித்து ஓட்டத் தொடங்கியபோது, எல்லாம் ஒரே இடத்தில் ஓடும் என்று நம்பி எழுதப்பட்ட நீட்சிகள் பெருந்தடையாயின. புதிய முறை நீட்சிகள், வெப்எக்ஸ்டென்ஷன்ஸ் என்னும் வரையறுத்த இடைமுகத்தின் வழியாக மட்டுமே உலாவியோடு பேசும்; அது குரோமின் முறையைப் பெரிதும் ஒத்தது. பழைய முறை கைவிடப்படும் என்பதை ஃபயர்பாக்ஸை உருவாக்கும் மொசில்லா 2015 ஆகஸ்டிலேயே அறிவித்துவிட்டது. 57 வருவதற்கு முன்பே, அத்தகைய நீட்சிகளின் பெயரருகே மஞ்சள் நிறத்தில் 'லெகஸி' என்ற சிறு முத்திரை தெரிந்தது. நாம்தான் அதைக் கவனிக்கவில்லை.

ஆகவே, இந்தச் சொல் வெறும் பழமையைக் குறிப்பதன்று. நேற்று எழுதிய நீட்சியாக இருந்தாலும் பழைய முறையில் எழுதியிருந்தால் அது லெகஸிதான். பத்து ஆண்டுப் பெயர் கொண்ட நீட்சியானாலும் புதிய முறைக்கு மாறிவிட்டால் அது லெகஸி அன்று. நோஸ்கிரிப்ட் என்னும் நீட்சி, ஃபயர்பாக்ஸ் 57 வெளியான சில நாள்களில் புதிய முறையில் வந்துவிட்டது. இடைமுகம் அடையாளம் தெரியாமல் மாறிவிட்டதென்று அதன் பயனர்கள் சண்டை பிடிப்பது வேறு கதை. முது, மூத்த, பண்டைய போன்ற வயதுச் சொற்கள் எல்லாமே இந்த வேறுபாட்டை மறைத்துவிடும். 'லெகஸி நீட்சி' என்றே விட்டால்தான் என்ன?

தனித்தமிழ் ஆர்வலர், மதுரை

தோழர் சொன்ன தொழில்நுட்ப விளக்கம் நன்று, முடிவு நன்றன்று. பயர்பாக்சு என்ற பெயர்ச்சொல்லை ஏற்கலாம், பொதுச்சொல்லையும் கடன் வாங்கினால் கையேட்டைத் தமிழில் எழுதுவது எதற்கு? கணினியும் மென்பொருளும் உலாவியும் வந்த நாளில் இதே எள்ளலைத்தான் கேட்டோம்.

'தொல்' என்னும் அடை இருக்கிறது. தொல்லியல், தொல்பொருள் என்று பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். தொல் முன் நீட்சி வர, லகரம் னகரமாகி, வரும் நகரமும் னகரமாகி, தொன்னூல் போலத் 'தொன்னீட்சி' எனப் புணரும். ஒரே சொல், ஐந்தே எழுத்தில் சுருங்கி ஒலிக்கிறது. மேலும் ஒரு நயம் உண்டு. தொல்லை என்ற சொல்லுக்கு முதற்பொருள் பழமை என்பதே. பழைய வினை துன்பம் தருவது என்ற எண்ணத்தினால் அது பிற்காலத்தில் துன்பத்தைக் குறித்தது என்பது என் துணிபு. மாணிக்கவாசகரைப் போற்றும் பாடல் "தொல்லை இரும்பிறவி" என்று தொடங்குவதை நினைக. பழையதும் ஆகி, தொல்லையும் ஆகிவிட்ட நீட்சிக்கு இதைவிடப் பொருத்தமான அடை ஏது?

கணினி ஆசிரியர், யாழ்ப்பாணம்

அனைவருக்கும் வணக்கம். உலாவி என்ற சொல் எல்லோருக்கும் ஒன்று என்று மதுரை நண்பர் கருதுவதால் ஒரு குறிப்பு: எங்கள் பாடநூல்களில் அது மேலோடி, பயனர் என்பதைப் பாவனையாளர் என்போம், புதுப்பித்தலை இற்றைப்படுத்தல் என்போம். எங்கள் ஆய்வுகூடத்தில் இந்தியக் கையேடுகளையும் பயன்படுத்துவதால் மாணவர் இரண்டு வழக்கையும் பழகிக்கொள்கிறார்கள். ஆனால், இரண்டு வழக்கிலும் இல்லாத மூன்றாவது சொல் ஒன்று வந்தால் தடுமாறுகிறார்கள். தொன்னீட்சி என்பதைக் கரும்பலகையில் எழுதினால், தொண்ணூற்றோடு தொடர்புடையதா என்று ஒருவர் நிச்சயம் கேட்பார்.

வகுப்பறையிலிருந்து பார்க்கும்போது எனக்குப் படுவது வேறொன்று. அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கிற பாவனையாளர் சொல்லாராய்ச்சிக்காக வரவில்லை. தான் நம்பியிருந்த கருவி நின்றுவிட்ட கோபத்தோடு வருகிறார். அவருக்குத் தெரிய வேண்டியவை மூன்று: இது யாரால் நின்றது, திரும்ப வருமா, இப்போது நான் என்ன செய்வது. 'காலாவதியான நீட்சி' என்று ஒருவர் மொழிபெயர்த்திருந்ததைக் கண்டேன். மருந்துப் போத்தலில் திகதி கடந்துவிட்டதைப் போல அது குற்றத்தை நீட்சியின் மேலும், அதை வைத்திருந்தவரின் மேலும் சுமத்துகிறது. உண்மையில் நீட்சி கெடவில்லை. மேலோடிதான் அதை ஏற்பதை நிறுத்திவிட்டது. ஆதலால் 'ஆதரவு நிறுத்தப்பட்ட நீட்சி' என்று நேராகச் சொல்லுங்கள். நீளம்தான், ஆனால் பொய் இல்லை.

தமிழாசிரியர், தஞ்சாவூர்

யாழ்ப்பாண ஆசிரியர் கூறியதை மதிக்கிறேன். எனினும் 'ஆதரவு நிறுத்தப்பட்ட' என்பது பெயரன்று, விளக்கம். விளக்கத்தையெல்லாம் பெயராக்கினால் கலைச்சொல் எதற்கு, அகராதி எதற்கு? அதிலும் செயப்பாட்டு வினையை வைத்துச் செய்தவரை மறைத்துவிட்டு, குற்றம் யாருடையது என்று காட்டுவதாகக் கூறுவது எனக்கு விளங்கவில்லை.

காக்கை எச்சத்தைப் பற்றிச் சென்னைத் தம்பி சொன்னதற்கும் விடை உண்டு. சொல்லின் இழிபொருளுக்கு அஞ்சினால் கழகம், கழிவு, கூட்டு ஆகிய எதையும் எழுத முடியாது. "கடிசொல் இல்லைக் காலத்துப் படினே" என்று தொல்காப்பியர் புதுச்சொல்லுக்கே கதவைத் திறந்துவைத்திருக்கும்போது, பழஞ்சொல்லின் புதுப்பயனுக்கு நாம் கதவடைப்பதா?

நிரலாளர், சென்னை

ஐயா, வணக்கம். புணர்ச்சியைப் பற்றி ஒரு சிறு நடைமுறைச் செய்தி. கையேட்டின் மின்பதிப்பில் ஒருவர் 'நீட்சி' என்று தட்டித் தேடினால் 'எச்சநீட்சி' கிடைக்கும், 'தொன்னீட்சி' கிடைக்காது. நகரம் னகரமாகிவிட்டதால் தேடுபொறிக்கு அது வேறு சொல். 'மூதிணைப்பு' என்பதற்கும் இதே கதிதான். 'இணைப்பு' என்பதன் முதல் எழுத்து உள்ளே கரைந்துவிட்டது. மென்பொருளுக்குள் புழங்கும் சொல்லுக்கு, பகுதிகள் கண்ணுக்கும் கருவிக்கும் தனித்துத் தெரிவது ஓர் இலக்கணம்தான் என்று பணிவோடு சொல்வேன்.

யாழ்ப்பாண ஆசிரியரின் மூன்றாவது கேள்விக்கு: பழைய நீட்சி இல்லாமல் வேலை ஓடாது என்போர், நீடித்த ஆதரவுப் பதிப்பான 52ஐ 2018 வரை வைத்துக்கொள்ளலாம், அதில் பழைய முறை நீட்சிகள் இயங்கும், அதுவரை பாதுகாப்புத் திருத்தங்களும் வரும். தானியங்கிப் புதுப்பித்தலை முழுவதும் நிறுத்திவிட்டு 56லேயே உட்கார்ந்துகொள்வது ஆபத்து. கோபத்தில் பலரும் அதைத்தான் செய்கிறார்கள். கையேட்டில் இதற்கு இரண்டு வரி இடம் கொடுத்தால், எந்தச் சொல்லைத் தேர்ந்தாலும் பயனருக்கு உதவியாக இருக்கும்.

தனித்தமிழ் ஆர்வலர், மதுரை

தேடுபொறிக்காக இலக்கணத்தை வளைப்பதா, இலக்கணம் அறிந்த தேடுபொறியைச் செய்வதா? இரண்டாவதைச் செய்யும் திறன் தோழரிடம் இருக்கிறது, செய்யட்டும், காத்திருக்கிறோம்.

மொழிபெயர்ப்பாளர், கோவை

அனைவருக்கும் நன்றி. அச்சகத்தார் இருமுறை அழைத்துவிட்டார்கள், ஆகவே இருப்பதை வைத்து முடிக்கிறேன்.

சென்னை நண்பரின் மடலில், அவரே முன்மொழியாமல் பயன்படுத்திய தொடர் ஒன்று இருக்கிறது: பழைய முறை நீட்சி. லெகஸி என்றே விடலாம் என்று வாதிடும்போதும், விளக்க வேண்டிய இடத்தில் அவர் கை அதைத்தான் எழுதியிருக்கிறது. வயதைக் குறிக்காமல் முறையைக் குறிக்கிறது, நூலகருக்கும் யாழ்ப்பாண மாணவருக்கும் அகராதி வேண்டாம், தேடினாலும் கிடைக்கும். அருகிலேயே, "இவை பழுதடையவில்லை, 57ஆம் பதிப்பிலிருந்து ஃபயர்பாக்ஸ் இம்முறையை ஏற்பதில்லை" என்று ஆதரவை நிறுத்தியவர் யார் என்பது தெரியும்படி ஒரு வாக்கியமும் சேர்க்கிறேன். தனிமடலில் கருத்துச் சொன்ன நால்வரும் இதற்கு இசைந்துள்ளார்கள், இருவர் "எதுவானாலும் சரி" என்ற அளவில். 52ஆம் பதிப்பைப் பற்றிய இரண்டு வரிகளும் சேர்ந்துவிட்டன.

மீதமிருப்பது அந்தப் பொத்தான். 'மாற்று தேடுக' என்று எழுதியுள்ளேன். மறுப்பு இருந்தால் இன்று மாலைக்குள் தெரிவிக்கவும்.

தமிழாசிரியர், தஞ்சாவூர்

பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன்; உடன்படவில்லை. 'பழைய முறை நீட்சி' மூன்று சொல் நீளமுள்ள ஒரு தயக்கம். அடுத்த கையேட்டுக்காக எச்சநீட்சியை என் குறிப்பேட்டில் வைத்திருக்கிறேன்.

பொத்தானைப் பொறுத்தவரை: மாற்று என்பது வன்றொடர்க் குற்றியலுகரம், அதன்பின் வல்லினம் மிக்கு 'மாற்றுத் தேடுக' என்று வருதல் வேண்டும்.

தனித்தமிழ் ஆர்வலர், மதுரை

ஐயா, அது இரண்டாம் வேற்றுமைத் தொகை. தமிழ் கற்றான், நீர் குடித்தான் என்பவற்றைப் போல இங்கும் மிகாது. எல்லாவற்றிலும் தங்களோடு முரண்படுகிறேன் என்று எண்ண வேண்டாம். எச்சநீட்சிக்கு என் வாக்கும் உண்டு, தொன்னீட்சிக்கு அடுத்தபடியாக.

தமிழாசிரியர், தஞ்சாவூர்

தமிழும் நீரும் குற்றியலுகரங்கள் அல்ல. 'பாட்டுப் பாடினான்' என்பதைத் தாங்கள் எவ்வாறு எழுதுவீர்கள்?

மொழிபெயர்ப்பாளர், கோவை

'மாற்றைத் தேடுக' என்று உருபை விரித்துவிட்டேன். கோப்பு அச்சகத்துக்குப் போய்விட்டது.